திருச்சி ஏர்போர்ட்டில் இறங்கி ஊர் போய்ச் சேர: டெல்டாக்காரர்களுக்கு முழு வழிகாட்டி

திருச்சியில் விமானம் இறங்குகிறவர்களில் பலருக்குத் திருச்சி ஊரே இல்லை. தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் என்று ஆற்றோடு கிழக்கே போக வேண்டியவர்கள். "ஏர்போர்ட்டில் இருந்து சிட்டிக்கு எப்படிப் போவது" என்ற கேள்வி இவர்களுக்கு இரண்டு கேள்வி. ஊருக்குள் போக வேண்டுமா, இல்லை ஊரைத் தொடாமலே கிழக்கே திரும்பிவிடலாமா என்பது முதலாவது. எந்த வண்டி என்பது அதற்குப் பிறகு. பலரும் இரண்டாவதை முதலில் கேட்டு, வண்டி பிடித்த பிறகு வழி தேடுகிறார்கள்.

முடிவு எடுக்கும் வரிசை இது: முதலில் இறங்கும் நேரம், அடுத்து லக்கேஜ், அதற்கு அடுத்துதான் காசு. பகல் பதினொரு மணிக்குக் கைப்பையோடு சென்னையிலிருந்து வருபவருக்கு நூறு ரூபாய்க்குள் முடிகிற பயணம், நள்ளிரவு ஒரு மணிக்கு நாலு பெட்டியும் தூங்குகிற குழந்தையுமாகச் சிங்கப்பூரிலிருந்து வருபவருக்கு எந்தக் கணக்கிலும் டாக்சிதான். அவருக்கு பஸ் யோசனை சொல்வது உதவி ஆகாது.

நிலவரம் மாறியிருக்கிறது

சில வருஷம் கழித்து வருகிறவர்கள் இரண்டு மாற்றங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒன்று, புதிய டெர்மினல். 2024 ஜனவரி 2 அன்று திறப்பு விழா நடந்து, ஜூன் 11 முதல் விமானங்கள் அங்கே வந்துபோகின்றன. பழைய டெர்மினலில் வெளியே வந்தால் புதுக்கோட்டை ரோடு கூப்பிடு தூரம். புதியது உள்ளே தள்ளி இருக்கிறது. மெயின் ரோட்டுக்கு நடந்து போய் பஸ் ஏறுவது பழைய பழக்கம். இப்போது அந்த நடை ஒரு கிலோமீட்டர் அளவுக்கு நீளும். பெட்டி இல்லாதவருக்குப் பரவாயில்லை. சித்திரை வெயிலில் டிராலி பேக்கை இழுத்துக்கொண்டு நடப்பது வேறு கதை.

இரண்டு, பஞ்சப்பூர். மதுரை ரோட்டில் கட்டிய ஒருங்கிணைந்த பேருந்து முனையம் 2025 ஜூலை 16 முதல் இயங்குகிறது. வெளியூர் பஸ்கள் அங்கே போய்விட்டன. மத்திய பேருந்து நிலையம் பெரும்பாலும் டவுன் பஸ்களுக்கு என்று ஆகிவிட்டது. "சென்ட்ரல் போனா தஞ்சாவூர் பஸ் நிக்கும்" என்று பழைய ஞாபகத்தில் ஆட்டோ ஏறுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அங்கே இறங்கி, மறுபடி டவுன் பஸ் பிடித்துப் பஞ்சப்பூர் போய், வந்த வழியிலேயே திரும்பி வருவார்கள். அரை மணி நேரமும் ஆட்டோ காசும் தண்டம்.

வாய்ப்பாடு: எந்த ஊருக்கு எந்தத் திசை

ஏர்போர்ட் இருப்பது திருச்சி–புதுக்கோட்டை சாலையில். வடக்கே போனால் சுப்பிரமணியபுரம் தாண்டி, ஏறக்குறைய நாலு கி.மீ.யில் டிவிஎஸ் டோல்கேட். இதுதான் முச்சூடும் முடிவாகும் இடம். அங்கிருந்து நேரே தலைமைத் தபால் நிலையம், மத்திய பேருந்து நிலையம், ரயில் ஜங்ஷன். வலது பக்கம் ஜி கார்னர், பால்பண்ணை, திருவெறும்பூர், துவாக்குடி, செங்கிப்பட்டி, வல்லம், தஞ்சாவூர். தெற்கே போனால் மாத்தூர், அப்புறம் புதுக்கோட்டை.

தஞ்சாவூருக்கு ஏறக்குறைய 58 கி.மீ., கும்பகோணத்துக்கு 95, திருவாரூருக்கு 115, மயிலாடுதுறைக்கு 130, நாகப்பட்டினத்துக்கு 140, வேளாங்கண்ணிக்கு 150. டெர்மினலில் இருந்து பிடிக்கும் வழியைப் பொறுத்து ஐந்தாறு கி.மீ. கூடக் குறைய இருக்கும்.

அறந்தாங்கி, பேராவூரணிப் பக்கம் போகிறவர்கள் திருச்சிக்குள் நுழையவே கூடாது. ஏர்போர்ட் ஸ்டாப்பில் புதுக்கோட்டை போகும் பஸ் ஏறுங்கள். 45 கி.மீ. போல் வரும். அங்கிருந்து அறந்தாங்கிக்கு பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை. பட்டுக்கோட்டைக்கு மட்டும் தஞ்சாவூர், ஒரத்தநாடு வழியே வசதி.

ஒரு எச்சரிக்கை. திருச்சியில் டோல்கேட் இரண்டு. டிவிஎஸ் டோல்கேட் ஏர்போர்ட்டுக்குப் பக்கத்தில். நம்பர் ஒன் டோல்கேட் காவிரி, கொள்ளிடம் இரண்டையும் தாண்டிச் சமயபுரம் பக்கத்தில். வெறுமனே "டோல்கேட்" என்று சொல்லி ஆட்டோவோ ஆப் வண்டியோ போட்டால் வண்டி வடகரைக்குப் போய்விடலாம். டிவிஎஸ் என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். ஆப்பில் இடம் தேர்வு செய்யும்போதும் தூரம் எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள்: நாலு கி.மீ. என்றால் சரி, பதினைந்துக்குப் பக்கம் என்றால் தப்பு.

படி 1: விமானம் ஏறுவதற்கு முன் முடிக்க வேண்டியவை

வளைகுடாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வருகிறவர்கள் அதிகம் மாட்டுவது வண்டி கிடைக்காமல் அல்ல, ஓடிபி வராமல்தான். இந்திய சிம்மை வருஷக்கணக்கில் ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் நம்பர் செத்துவிடும். டாக்சி ஆப்பும் திறக்காது, விமான நிலைய வைஃபைக்கும் ஓடிபி கேட்கும், யுபிஐயும் ஓடாது. மூன்று கதவும் ஒரே பூட்டில் அடைபட்ட மாதிரி. ஊரில் இருக்கும் தம்பியிடமோ மச்சானிடமோ சொல்லி, கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே ரீசார்ஜ் போட்டு, அங்கிருந்தே ஒரு குறுஞ்செய்தி வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். சிம்மே இல்லை என்றால் வீட்டில் இருப்பவர் தன் போனில் வண்டியை புக் செய்து, டிரைவர் நம்பரையும் வண்டி நம்பரையும் முன்கூட்டியே அனுப்பிவிட வேண்டும்.

கையில் இந்திய ரூபாய் கொஞ்சம் இருக்கட்டும். பணம் மாற்றும் கவுண்ட்டரில் பெரும்பாலும் ஐந்நூறு ரூபாய்த் தாளாகத்தான் வரும். நூறும் ஐம்பதுமாகக் கேட்டு வாங்குங்கள். டவுன் பஸ்ஸில் ஐந்நூறை நீட்டினால் கண்டக்டர் என்ன சொல்வார் என்று உங்களுக்கே தெரியும்.

படி 2: பெட்டியை எண்ணுங்கள்

ஆளை எண்ணி வண்டி பிடிப்பதுதான் பொதுவாக நடக்கும் தப்பு. எண்ண வேண்டியது பெட்டியை.

ஆட்டோவில் பின்சீட்டுக்குப் பின்னால் இருக்கும் இடத்தில் ஒரு கேபின் பேக் போகும். பெரிய பெட்டி என்றால் காலடியில் ஒன்று, மடியில் ஒன்று என்றுதான் போக வேண்டும். ஒருவர், ஒரு பெட்டி, டிவிஎஸ் டோல்கேட் அல்லது ஜங்ஷன் வரை என்றால் ஆட்டோ சரி.

செடான் வண்டி, அதாவது டிசையர், எட்டியோஸ் வகை, நாலு பேர் உட்காரலாம் என்று ஆப் சொல்லும். ஆனால் இப்போது ஓடும் டாக்சிகளில் நிறைய சிஎன்ஜி. டிக்கியைத் திறந்தால் பாதி இடத்தை உருளை அடைத்திருக்கும். முப்பது கிலோ பெட்டி ஒன்று நிற்கும். இரண்டாவதைப் படுக்கப் போட்டால் டிக்கி மூடாது. அப்போது முன் சீட்டில் பெட்டி உட்காரும், ஆள் மூவராகக் குறைய வேண்டும். போனில் பேசும்போதே "சிஎன்ஜி வண்டியா, டீசலா, டிக்கி காலியா இருக்குமா?" என்று கேட்டுவிடுங்கள். கேரியர் வைத்த செடானும் உண்டு, ஆனால் அரிது.

எர்டிகாவில் ஏழு பேர் என்பது கடைசி வரிசையை நிமிர்த்தினால்தான். நிமிர்த்தினால் பின்னால் இரண்டு கைப்பைக்கு மட்டும் இடம். ஆகவே எர்டிகா என்றால் நாலு பேர், நாலு பெட்டி. இன்னோவா என்றால் ஐந்து பேர், ஐந்து பெட்டி. அதற்கு மேல் கேரியர்.

கேரியரில் பெட்டி ஏற்றினால் கயிறு மட்டும் போதாது. ஐப்பசி, கார்த்திகையில் செங்கிப்பட்டி தாண்டினால் எப்போது மழை பிடிக்கும் என்று சொல்ல முடியாது. தார்ப்பாய் இருக்கிறதா என்று ஏற்றும் முன்பே பாருங்கள். கயிற்றைப் பெட்டியின் கைப்பிடிக்குள் விட்டு இரண்டு பக்கமும் கட்டச் சொல்லுங்கள். மேலே சுற்றி மட்டும் கட்டினால் வழுவழுப்பான பாலிகார்பனேட் பெட்டி பிரேக் அடிக்கும்போது முன்னால் நழுவும்.

படி 3: வண்டியைத் தேர்வு செய்தல்

*பகலில், லேசான லக்கேஜோடு, தஞ்சாவூர் வரை: பஸ்*

டெர்மினல் வாசலுக்கு டவுன் பஸ் வருகிறதா என்று வெளியே வந்ததும் செக்யூரிட்டியிடம் கேளுங்கள். நின்றால் ஏறிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் மெயின் ரோடு போய், புதுக்கோட்டையிலிருந்து வரும் பஸ்ஸையோ டவுன் பஸ்ஸையோ பிடிக்கலாம். இரண்டும் டிவிஎஸ் டோல்கேட் வழியாகத்தான் போகும். அங்கே இறங்கி, தஞ்சாவூர் திசைக்கு பஸ் நிற்கும் பக்கம் போய் நின்றால் போதும். பஞ்சப்பூரில் இருந்து கிளம்பி வரும் தஞ்சாவூர் பஸ்கள் அந்தப் பக்கமாக வரும். பகலில் அதிக நேரம் காத்திருக்க வேண்டியிராது.

இந்த வழியில் ஒரு குறை: உட்கார இடம். முனையத்திலேயே சீட் நிரம்பித்தான் பஸ் வரும். துவாக்குடியில் கொஞ்சம் பேர் இறங்குவார்கள். அதுவரை நிற்கலாம் என்றால் டோல்கேட், இல்லையென்றால் பஞ்சப்பூர். ஏர்போர்ட்டில் இருந்து பஞ்சப்பூர் பத்துப் பன்னிரண்டு கி.மீ. வயதானவர்கள் கூட இருந்தால் அந்தத் தூரத்தைச் சகித்துக்கொண்டு பஞ்சப்பூர் போய், சீட் பார்த்து, பெட்டியை ஓரமாக வைத்து உட்கார்ந்து போவதுதான் நல்லது.

கும்பகோணம், திருவாரூர், மன்னார்குடி, வேளாங்கண்ணிக்கு நேரடி பஸ்கள் இருக்கின்றன. பஞ்சப்பூரில் நின்றுகொண்டிருந்தால் ஏறுங்கள். டோல்கேட்டில் நின்றுகொண்டு நேரடி பஸ்ஸுக்காகக் காத்திருக்காதீர்கள். முதலில் வரும் தஞ்சாவூர் பஸ்ஸில் ஏறி, தஞ்சாவூர் புதிய பேருந்து நிலையத்தில் மாறுவதுதான் வேகம். கிழக்கே போகும் எல்லா பஸ்ஸும் அங்கிருந்து கிளம்பும்.

டிக்கெட் தஞ்சாவூருக்கு நூறு ரூபாய்க்குள்தான். பெரிய பெட்டிக்கு லக்கேஜ் டிக்கெட் தனியாகக் கேட்பார்கள், கேட்டால் கொடுத்துவிடுங்கள். பெட்டியை வைக்க நல்ல இடம் டிரைவர் பக்கத்து எஞ்சின் மேடை அல்லது கடைசி சீட்டுக்கு முன்னால் படிக்கட்டு ஓரம். நடுவழியில் வைத்தால் வல்லம் வரைக்கும் திட்டு வாங்கிக்கொண்டே போக வேண்டும். பெண்களுக்குச் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் விடியல் பயணத் திட்டத்தில் டிக்கெட் இலவசம். வெளியூர் பஸ்ஸுக்கு இது கிடையாது.

தஞ்சாவூரில் இறங்கும் இடத்திலும் குழப்பம் உண்டு. திருச்சி பஸ் நிற்பது மருத்துவக் கல்லூரிப் பக்கம் உள்ள புதிய பேருந்து நிலையத்தில். பெரிய கோயில், கீழவாசல், பழைய பேருந்து நிலையம் எல்லாம் அங்கிருந்து நாலைந்து கி.மீ. டவுன் பஸ் உடனுக்குடன் உண்டு, ஆனால் அந்த நேரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். (தஞ்சாவூரிலும் விமான நிலையம் இருக்கிறதே என்று மேப்பைப் பார்த்துக் கேட்பவர்கள் உண்டு. அது விமானப்படைத் தளம்.)

*ரயில்: நேரம் ஒத்துவந்தால் இதற்கு நிகர் இல்லை*

ஜங்ஷன் ஏர்போர்ட்டில் இருந்து ஐந்து கி.மீ. சொச்சம். சாதாரணமாக கால் மணி நேரம். காலை எட்டரை முதல் பத்தரை வரையும் மாலை ஐந்து முதல் எட்டு வரையும் டிவிஎஸ் டோல்கேட் நெரிசலில் அரை மணிக்கு மேலும் ஆகும். மெயின் லைன் ரயில்கள் தஞ்சாவூர், பாபநாசம், கும்பகோணம், மயிலாடுதுறை என்று போகும். தஞ்சாவூரில் பிரிந்து திருவாரூர், நாகப்பட்டினம், காரைக்கால் போகிற ரயில்களும் உண்டு. பஸ்ஸை விடக் கட்டணம் குறைவு, கழிப்பறை இருக்கிறது, பெட்டிக்கு இடம் இருக்கிறது. தஞ்சாவூர் ஸ்டேஷன் பெரிய கோயிலுக்கு நடந்தே போகும் தூரம். ஊர் நடுவில் இறங்க வேண்டியவர்களுக்கு பஸ்ஸை விட இதுவே வாகு.

திருச்சி–தஞ்சாவூர் இரட்டைப் பாதை. ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் சேர்த்துவிடும். தஞ்சாவூருக்கு அப்பால் கும்பகோணம், மயிலாடுதுறை வரை ஒற்றைப் பாதை. எதிர் ரயில் வந்தால் கிராசிங்குக்காகச் சின்ன ஸ்டேஷனில் நிறுத்திவிடுவார்கள். ஆகவே கும்பகோணத்துக்கு மேல் போகிறவர்கள் அட்டவணை நேரத்தோடு அரை மணி நேரம் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

விமானம் தரை தொட்ட நேரத்தை வைத்து ரயிலைக் கணக்குப் போடாதீர்கள். வெளிநாட்டு விமானம் என்றால் குடியேற்றச் சோதனை, பெட்டி, சுங்கம் எல்லாம் முடிந்து வெளியே வர ஒரு மணி நேரம். இரண்டு விமானம் அடுத்தடுத்து இறங்கினால் அதற்கும் மேல். அதோடு ஜங்ஷனுக்கு அரை மணி, டிக்கெட்டுக்குக் கால் மணி. ஆக, இறங்கி இரண்டு மணி நேரத்துக்குள் கிளம்பும் ரயிலை நம்ப வேண்டாம். உள்நாட்டு விமானத்தில் கைப்பையோடு வந்தால் ஒரு மணி நேரம் போதும். முன்பதிவில்லா டிக்கெட்தான் இந்தப் பயணத்துக்குச் சரி. விமானம் தாமதமானால் முன்பதிவுக் காசு போகும்.

*டாக்சி: கணக்குப் போடும் விதம்*

கவனம் அதிகம் வேண்டிய இடம் இதுதான், காசு அதிகம் போவதும் இங்கேதான்.

வெளியூருக்கு டாக்சி இரண்டு வகையில் கிடைக்கும். ஒன்று, போக வர கி.மீ. கணக்கு: திருச்சி வண்டி உங்களை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் தூரத்துக்கும் நீங்கள் கொடுப்பீர்கள். இரண்டாவது, டிராப் டாக்சி: ஒருவழித் தூரத்துக்கு மட்டும் காசு, ஆனால் குறைந்தபட்ச தூரம் என்று ஒன்று வைத்திருப்பார்கள். பல நிறுவனங்களில் அது 130 கி.மீ. இரண்டுக்கும் டிரைவர் பேட்டா, டோல் தனி.

உதாரணத்துக்கு ஒரு செடானுக்கு கி.மீ. 14 ரூபாய், பேட்டா 400 என்று வைத்துப் பாருங்கள். நீங்கள் கேட்கும் நாளில் சொல்லும் ரேட்டை இதே சூத்திரத்தில் போட்டுக்கொள்ளலாம்.

தஞ்சாவூர் 58 கி.மீ. போக வர 116 கி.மீ.க்கு 1,624, பேட்டா சேர்த்து 2,024. டிராப் என்றால் 130 கி.மீ.க்கு 1,820, பேட்டா சேர்த்து 2,220. போக வரக் கணக்குதான் மலிவு.

கும்பகோணம் 95 கி.மீ. போக வர 190 கி.மீ.க்கு 2,660, பேட்டாவோடு 3,060. டிராப் அதே 2,220. இங்கே டிராப் 840 ரூபாய் மலிவு.

மயிலாடுதுறை 130 கி.மீ. டிராப் அப்போதும் 2,220. போக வரக் கணக்கில் 4,040 ஆகும்.

குறைந்தபட்சத்தில் பாதி, 65 கி.மீ., இதுதான் எல்லை. தஞ்சாவூர் இந்தப் பக்கம், அய்யம்பேட்டை தாண்டினால் அந்தப் பக்கம். தஞ்சாவூருக்கு லோக்கல் டாக்சியிடம் மொத்த ரேட் பேசுங்கள். அதற்குக் கிழக்கே எந்த ஊரானாலும் டிராப் டாக்சி கேளுங்கள். கும்பகோணத்துக்கு டிராப் எடுப்பவர் 130 கி.மீ.க்கு ஏற்கெனவே காசு கொடுத்துவிட்டார். வழியில் பாபநாசத்தில் அக்காவை இறக்கிவிட்டுப் போகச் சுற்றினாலும் அந்தக் கணக்குக்குள்ளேயே அடங்கும். புக் செய்யும்போதே சொல்லிவிட வேண்டும். பாதி வழியில் சொன்னால் தகராறு.

போனில் இப்படிப் பேசுங்கள்:

"அண்ணே, ஏர்போர்ட்ல இருந்து கும்பகோணம் டிராப். மொத்தம் எவ்வளவு வரும்? டோல், பேட்டா, பார்க்கிங் எல்லாம் சேர்த்துச் சொல்லுங்க. ஃபிளைட் லேட்டானா வெயிட்டிங் உண்டா? நைட்டுக்குத் தனி பேட்டாவா?"

நாலு கேள்விக்கும் பதில் வந்த பிறகு, அதையே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். துவாக்குடி தாண்டி வாழவந்தான்கோட்டையில் டோல் இருக்கிறது. "டோல் நீங்க கொடுத்துடுங்க சார்" என்று அங்கே வந்து சொல்வதைத் தவிர்க்கத்தான் இது.

டெர்மினலில் உள்ள டாக்சி கவுண்ட்டரில் எடுத்தால் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். டிரைவருக்கான பகுதியை வீட்டு வாசலில் இறங்கிய பிறகு கொடுங்கள். திருச்சி ஊருக்குள் என்றால் ஓலா, ஊபர், ரெட் டாக்சி எல்லாம் ஓடுகின்றன. ஆப்பில் வண்டி போட்டதும் டிரைவர் போன் செய்து "எங்க போகணும், கேஷா ஆன்லைனா" என்று கேட்பார். பதில் பிடிக்கவில்லை என்றால் அசையாமல் நிற்பார், நீங்களே கேன்சல் செய்யட்டும் என்று. மூன்று நிமிடம் மேப்பில் வண்டி நகரவில்லை என்றால் அடுத்ததற்கு மாறிவிடுங்கள்.

வாசலிலேயே "தஞ்சாவூரா சார், வாங்க" என்று கையைப் பிடிப்பவர்கள் இருப்பார்கள். ரேட் குறைவாகவும் இருக்கலாம். நம்பர் பிளேட்டைப் பாருங்கள். மஞ்சள் என்றால் டி போர்டு, வாடகை வண்டி. வெள்ளை என்றால் ஓன் போர்டு. வாடகைக்கு ஓடிய சொந்த வண்டி விபத்தில் சிக்கினால் இன்ஷூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிட இடமிருக்கிறது. முந்நூறு ரூபாய் மிச்சத்துக்கு அந்த அபாயம் வேண்டாம்.

*வீட்டிலிருந்து வண்டி வருவது*

வெளிநாட்டிலிருந்து மகன் வந்தால் வேன் பிடித்துக் குடும்பமே ஏர்போர்ட் வருவது நம் பக்கத்து வழக்கம். ஆசையைக் குறை சொல்ல முடியாது. காசுக் கணக்கு மட்டும் சொல்லலாம்: மன்னார்குடி வண்டி காலியாக வந்தாலும் நிறைந்து வந்தாலும் போக வரக் காசு. அதோடு பார்க்கிங், காத்திருப்பு, எல்லாருக்கும் சாப்பாடு. வருகிறவர்களுக்கு இடம் போனால் பெட்டிக்கு இடம் இருக்காது என்பதையும் புறப்படும் முன் யோசியுங்கள். ஏழு பேர் வந்த இன்னோவாவில் வந்தவரின் நாலு பெட்டி எங்கே போகும்?

படி 4: எந்த வழியாகப் போகச் சொல்வது

தஞ்சாவூர்ப் பக்கம் போகும் காருக்கு இரண்டு வழி. வழக்கமானது டிவிஎஸ் டோல்கேட், பால்பண்ணை, திருவெறும்பூர். பால்பண்ணைக்கும் துவாக்குடிக்கும் நடுவே அணுகு சாலை (சர்வீஸ் ரோடு) வேண்டும் என்பது பல வருஷக் கோரிக்கை. அது இல்லாததால் பக்கத்துக் கடைக்குப் போகும் டூவீலரும், ஸ்கூல் வேனும், வேளாங்கண்ணி பஸ்ஸும் ஒரே ரோட்டில்தான். மாலையில் அந்தப் பகுதியே முக்கால் மணி நேரம் தின்றுவிடும்.

மற்றது அரைவட்டச் சாலை. ஏர்போர்ட்டில் இருந்து தெற்கே மாத்தூர் போய், அங்கே அரைவட்டச் சாலையில் ஏறினால் துவாக்குடியில் தஞ்சாவூர் ரோட்டில் சேரும். தூரம் பெரிதாகக் குறையாது, ஆனால் நெரிசல் முழுக்கத் தப்பும். மாலை ஐந்து முதல் எட்டு வரை இதையே சொல்லுங்கள். நள்ளிரவுக்கு மேல் ஊருக்குள் ரோடு காலியாகவே இருக்கும். அப்போது வழக்கமான வழியே மேல். வண்டி பஞ்சர் ஆனாலும் ஆள் நடமாட்டமும் வெளிச்சமும் இருக்கும்.

கும்பகோணத்துக்கு மேப் சில நேரம் கல்லணை, திருவையாறு வழியைக் காட்டும். பகலில் ஆறும் தோப்புமாகப் போக அழகான ரோடு. இரவில் வேண்டாம்: குறுகல், ஆற்றங்கரை வளைவுகள், எதிரில் கரும்போ வைக்கோலோ ஏற்றிய டிராக்டர் வந்தால் ஒதுங்க இடம் இருக்காது.

ஸ்ரீரங்கம் போகிறவர்கள் சத்திரம் பேருந்து நிலையம் வழியாகப் போகவே வேண்டாம். டிவிஎஸ் டோல்கேட்டில் சென்னை பைபாஸ் பிடித்து, பால்பண்ணை, சஞ்சீவி நகர் தாண்டி, காவிரிப் பாலம் ஏறி, திருவானைக்காவல் பக்கம் இறங்கினால் போதும். பஸ்ஸில் போகிறவர்கள் மத்திய பேருந்து நிலையத்தில் ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறுங்கள், அடிக்கடி ஓடும்.

இரவு பதினொன்றுக்கு மேல் இறங்கினால்

டவுன் பஸ் நம்பிக்கை இல்லை. பெட்டியோடு இருட்டில் மெயின் ரோட்டுக்கு நடக்கவும் வேண்டாம். மூன்று வழி உண்டு.

குடும்பமாக, பெட்டிகளோடு வந்தால் முன்பே பேசி வைத்த டாக்சி. டிரைவரிடம் முதலில் கேட்க வேண்டியது "பகலில் வண்டி ஓட்டினீங்களா, தூங்கினீங்களா" என்பது. பகல் முழுக்க ஓட்டிவிட்டு இரவு டிரிப் எடுப்பது சகஜம். மூன்று மணிக்கு மேல் செங்கிப்பட்டி, வல்லம் பக்கம் நேர் ரோட்டில்தான் கண் சொருகும். விழித்திருக்கக்கூடிய ஒருவர் முன் சீட்டில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டே வாருங்கள். டீக்கு நிறுத்தச் சொன்னால் மறுக்காதீர்கள், நீங்களே சொன்னால் இன்னும் நல்லது.

தனி ஆள், ஒரு பெட்டி என்றால் ஆட்டோ அல்லது டாக்சியில் பஞ்சப்பூர். தஞ்சாவூருக்கு இரவிலும் பஸ் உண்டு, இடைவெளிதான் கூடும். டிவிஎஸ் டோல்கேட்டில் நள்ளிரவில் பெட்டியோடு நிற்பதை விட வெளிச்சமும் ஆளும் இருக்கிற முனையம் மேல்.

மூன்றாவதை யாரும் யோசிப்பதில்லை: மத்திய பேருந்து நிலையத்தைச் சுற்றி லாட்ஜ்கள் நிறைய, எந்த நேரத்திலும் ரூம் கொடுப்பார்கள். நாலைந்து மணி நேரம் தூங்கி, குளித்து, விடிந்ததும் ஜங்ஷனுக்குப் போய் ரயில் ஏறலாம். நாகப்பட்டினம், மயிலாடுதுறை போல மூன்று மணி நேரப் பயணம் உள்ளவர்களுக்கு, அதுவும் இரண்டு பேருக்குள் இருந்தால், ரூம் வாடகையும் ரயில் டிக்கெட்டும் சேர்ந்தாலும் இரவு டாக்சியை விடக் குறைவாகவே முடியும்.

நாள் பார்த்து

ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா. தஞ்சாவூர் வழி பஸ்ஸில் கால் வைக்க இடமிருக்காது. ரோட்டோரம் பாதயாத்திரைக் கூட்டம் இரவிலும் நடக்கும், கார் வேகம் குறையும். மார்கழியில் வைகுண்ட ஏகாதசிக்கு முந்தின இரவு ஸ்ரீரங்கம் பக்கமே போகாமல் இருக்கப் பாருங்கள். தீபாவளி, பொங்கலுக்கு முந்தின இரண்டு நாளும் டிராப் டாக்சி ரேட் சூத்திரம் எதற்கும் கட்டுப்படாது. ஒரு வாரம் முன்பே பேசி, முன்பணம் கொடுத்து, எழுத்தில் வாங்கி வையுங்கள்.

திரும்பிப் போகும்போது

இந்தத் திசையில் கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டும். வெளிநாட்டு விமானம் இரவு 11.55க்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். செக்-இன் கவுண்ட்டர் பொதுவாக ஒரு மணி நேரம் முன்பு, 10.55க்கு மூடும். மூன்று மணி நேரம் முன்பே, 8.55க்கு டெர்மினலில் நிற்க வேண்டும். கும்பகோணத்திலிருந்து இரண்டரை மணி நேரம் என்றால் 6.25. பஞ்சர், ரயில்வே கேட், தஞ்சாவூர் நெரிசல் என்று அரை மணி ஒதுக்கினால் ஆறு மணிக்கு முன்பே வாசலை விட்டுக் கிளம்பியிருக்க வேண்டும்.

அப்படிக் கிளம்பினால் துவாக்குடியைத் தொடும்போது எட்டு மணியை ஒட்டி இருக்கும், திருவெறும்பூர் நெரிசல் அப்போதும் ஓயாமல் இருக்கலாம். அதனால் அரைவட்டச் சாலையில் திரும்பி மாத்தூர் வழியாக வரச் சொல்லுங்கள். வாழவந்தான்கோட்டை டோல் தாண்டியதுமே டிரைவரிடம் சொல்லிவிட வேண்டும். திருப்பத்தை விட்டுவிட்டால் யூடர்ன் தேடித் திரும்பி வருவதற்குள், மிச்சம் பிடித்த நேரம் போய்விடும்.